தொடர்மாடி மனையிற் செய்மதிக் கிண்ணம்



வானொலியிற் பேச வந்த ஒருவன் தொலைக்காட்சியைப் பற்றிப் பேசத் தொடங்கினால், விருந்துக்கு வந்தவன் அடுத்த வீட்டுக் கறியைப் புகழ்வது போல் இருக்கிறதே என்று நீங்கள் நகைக்கக்கூடும். ஆயினும், வானொலியும் தொலைக்காட்சியும் ஒரே வான்வழியால் நம் வீட்டுக்கு வருகின்ற உறவினரேயாவர். ஒரேயொரு வேற்றுமை உண்டு. வானொலி அடக்கமான விருந்தாளி. அடுப்படி மூலையிலோ தலையணை அருகிலோ ஒதுக்கி வைத்தாலும் குறை சொல்லாது. செய்மதி வழியே வருகின்ற தொலைக்காட்சி அத்தகையதன்று. அஃது ஒரு கிண்ணத்தை வெளியே வைக்கச் சொல்கிறது. அக்கிண்ணத்துக்கும் வானத்திலுள்ள ஒரு புள்ளிக்கும் இடையில் ஓர் ஓலைகூடக் குறுக்கே வரலாகாது என்று பிடிவாதம் செய்கிறது. அந்தப் பிடிவாதத்தைத் தொடர்மாடி மனையில் வாழ்வோர் எவ்வாறு தீர்த்து வைப்பது என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

இணுவிலில் இருந்து இதனைப் பேசுவது பொருத்தமா என்று சிலர் ஐயுறலாம். காங்கேசன்துறை வீதியில், கோண்டாவிலுக்கும் சுன்னாகத்துக்கும் இடையில், செம்மண்ணும் வாழையும் புகையிலையும் பனையும் சூழ்ந்த ஊர் இது. வீடு என்றால் வளவு. வளவு என்றால் முற்றம். முற்றம் என்றால் அதற்கு மேலே உள்ள வானமும் வீட்டுக்காரருடையதே என்று எண்ணிப் பழகிய ஊர். 1980களில் இங்கு தொலைக்காட்சி பரவியபோது, வீட்டுக்கு வீடு நெடிய இரும்புக் குழாய் நட்டு, அதன் நுனியில் மீன்முள்ளைப் போன்ற அலைவாங்கியைக் கட்டிக் கடலுக்கு அப்பாலுள்ள தமிழகத்தை நோக்கித் திருப்பினோம். காற்றடித்துத் திசை மாறினால் ஒருவர் குழாயைத் திருக, இன்னொருவர் வீட்டுக்குள் நின்று, "இப்ப தெரியுது! இல்லை, போட்டுது!" என்று கூவுவதை அக்காலத்தவர் மறந்திரார். இராமேசுவரத்தில் 323 மீற்றர் உயரத் தொலைக்காட்சிக் கோபுரம் எழுந்தது. இணுவிலில் இருந்து நூறு கிலோமீற்றருக்கும் குறைந்த தூரம் அது. இடையில் 1990களில் குடாநாடு மின்சாரமின்றிக் கிடந்தபோது, துவிச்சக்கர வண்டியைக் கவிழ்த்து வைத்து, சில்லைச் சுற்றி, அதன் டைனமோவிற் பிறந்த சிறு மின்னோட்டத்தால் வானொலிச் செய்தி கேட்டோம். அந்நாளில் தொலைக்காட்சியை நினைத்தவர் அரியர்.

இப்போதோ காலம் மாறிவிட்டது. வளவுகள் துண்டாகின்றன. வீதியோரம் இரண்டு மாடியும் மூன்று மாடியும் எழுகின்றன. கீழே கடை, நடுவில் ஒரு குடும்பம், மேலே இன்னொரு குடும்பம் என்று வாடகைக்கு இருக்கின்றனர். யாழ்ப்பாண நகரில் முறையான தொடர்மாடி மனைகளே வந்துவிட்டன. வெள்ளவத்தையிலோ பிள்ளைகளோடு வந்து சேர்ந்த இணுவில் முதியோர் ஐந்தாம் மாடியிலும் ஆறாம் மாடியிலும் இருந்துகொண்டு, ஊர்ச் சேதி எப்போது வரும் என்று காத்திருக்கின்றனர். முழங்கால் நோவினால் படியிறங்க இயலாத ஒரு தாயாருக்கு, பகற்பொழுது முழுவதும் தமிழிற் பேசுகின்ற துணை அந்தத் தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றேயாக இருப்பதும் உண்டு. ஆகவே, கிண்ணத்தை எங்கே வைப்பது என்ற கேள்வியைப் பொழுதுபோக்குக்காரர் கேள்வி என்று தள்ளிவிடுதல் தகாது.

இவ்விடயத்தில் நம்மவர்க்கு முதலில் அறிவுரை கூறுபவர் பெரும்பாலும் பாரிசிலோ ஒஸ்லோவிலோ இருக்கின்ற மருமகனாவார். "மாமா, பல்கனிக்குள்ளேயே ஒரு காலை நிறுத்தி டிஷ்ஷை வையுங்கோ. நாங்கள் இங்கை அப்பிடித்தான் வைச்சிருக்கிறம்" என்று தொலைபேசியிற் சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் இருக்குமிடத்தில் அது சரி. இணுவிலில் அது சரிவராது. ஏன் என்பதை அறிந்துகொண்டால் இப்பொருளில் பாதியை அறிந்தவராவோம்.

செய்மதி எங்கே நிற்கிறது? 1945ஆம் ஆண்டு ஒக்ரோபரில் ஆதர் சி. கிளார்க் என்னும் ஆங்கிலேயர் 'வயர்லஸ் வேல்ட்' என்னும் சஞ்சிகையில் ஒரு கட்டுரை எழுதினார். பூமியின் நடுக்கோட்டுக்கு நேர்மேலே, ஏறத்தாழ 36,000 கிலோமீற்றர் உயரத்தில் ஒரு பொருளைச் சுற்றவிட்டால், அது பூமி சுழலும் வேகத்திலேயே சுற்றி வரும். நிலத்தில் இருந்து பார்ப்பவனுக்கு ஒரே இடத்தில் அசையாமல் நிற்பதாகத் தோன்றும். அதனை உலகத்துக்கெல்லாம் செய்தி அனுப்பும் நிலையமாக்கலாம் என்பது அதன் சாரம். அவர் 1956இல் இலங்கைக்கு வந்து குடியேறினார். 2008 மார்ச்சில் கொழும்பிலேயே காலமானார். 1975 ஓகஸ்ற் முதல் ஓராண்டு காலம், இந்தியா ஓர் அமெரிக்கச் செய்மதியின் துணையோடு 2,400 கிராமங்களுக்குக் கல்வித் தொலைக்காட்சியை அனுப்பிப் பார்த்தது. அப்போது இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தார் கிளார்க் அவர்களின் கொழும்பு இல்லத்திலும் ஒரு பெரிய கிண்ணத்தை நிறுவிக் கொடுத்தனர். இலங்கையில் தொலைக்காட்சி நிலையம் தொடங்கியது 1979இல். ஆக, நாட்டிலே தொலைக்காட்சி தோன்றுமுன்னரே செய்மதிக் கிண்ணம் ஒன்று இங்கு வந்துவிட்டது! தாம் எழுதியது தம் வீட்டுக்கே வந்திறங்கியதைக் காணும் பேறு எழுத்தாளர் எத்தனை பேருக்கு வாய்க்கும்?

செய்மதிகள் நடுக்கோட்டின் மேலே வரிசையாக நிற்கின்றன. அந்த வரிசை இணுவிலில் இருந்து பார்க்குமிடத்து எப்படித் தோன்றும்? நம் ஊர் ஏறத்தாழ 9.7 பாகை வட அகலாங்கிலும் 80 பாகை கிழக்கு நெட்டாங்கிலும் இருக்கிறது. நடுக்கோட்டுக்கு அண்மையில் இருப்பதால், அவ்வரிசை கிழக்கில் எழுந்து, தலையுச்சிக்குச் சற்றே தெற்கால் சென்று, மேற்கில் இறங்குகின்ற ஒரு வளைவாக அமையும். சித்திரை வெயில் போகும் பாதையை நினைத்துக்கொள்ளுங்கள். அதற்குச் சற்றுத் தெற்கே இதுவும் போகிறது. இவ்வளைவின் மிக உயர்ந்த இடம் அடிவானத்தில் இருந்து 78 பாகைக்கு மேல். அதாவது, உச்சியில் இருந்து 11 பாகைதான் சரிவு.

இனி, எண்களைப் பாருங்கள். இந்தியாவின் ஜிசாட் வரிசைச் செய்மதிகள் நிற்கின்ற 83 பாகைக் கிழக்கு, இணுவிலுக்குத் தெற்கில் இருந்து சற்றுக் கிழக்கே விலகி, 78 பாகை ஏற்றத்தில் உள்ளது. தூரதர்சனின் கட்டணமில்லாச் சேவையாகிய டிடி பிறீ டிஷ்ஷைத் தாங்கும் ஜிசாட்-15, 2015இல் ஏவப்பட்டது. அது 93.5 பாகைக் கிழக்கில், நமக்குத் தென்கிழக்கில், 70 பாகை ஏற்றத்தில் நிற்கிறது. நம் நாட்டு டயலொக் தொலைக்காட்சி தங்கியுள்ள 45 பாகைக் கிழக்கோ நேர்மேற்கில் இருந்து சற்றே தெற்காக, 48 பாகை ஏற்றத்தில் உள்ளது. இந்தியாவின் கட்டணச் சேவைகள் இந்திய எல்லைக்கென்று அனுமதி பெற்றவை என்பதையும் இங்கே சொல்லி வைக்கிறேன். அலை எல்லை அறியாது; அனுமதிப் பத்திரம் அறியும்.

பாரிசு மருமகனின் வானம் வேறு. ஐரோப்பியர் பெரிதும் நாடுகின்ற 13 பாகைக் கிழக்குச் செய்மதி பாரிசில் 33 பாகை ஏற்றத்திலும், ஒஸ்லோவில் 22 பாகை ஏற்றத்திலும் தெரிகிறது. எனவே, அவர்களுடைய கிண்ணம் நேர்முன்னே பார்க்கிறது. அவர்களுக்குத் தடை எதிர்வீட்டுச் சுவரும் தெருவோர மரமும். நமக்குத் தடை மேல்மாடியாரின் தளம்! பல்கனியின் கூரை உங்கள் கிண்ணத்துக்கு மேலே 2 மீற்றர் உயரத்தில் இருப்பதாகக் கொள்வோம். பல்கனி செய்மதியை நேரே நோக்குவதாகவும் கொள்வோம். பாரிசில், அக்கூரையின் விளிம்பில் இருந்து 3 மீற்றர் உள்ளே வைத்தாலும் கிண்ணத்துக்கு வானம் தெரியும். இணுவிலில் 45 பாகைச் செய்மதிக்கு 1.8 மீற்றர் உள்ளே போகலாம். 93.5 பாகைச் செய்மதிக்கு 70 சென்ரிமீற்றர். 83 பாகைச் செய்மதிக்கோ 42 சென்ரிமீற்றர்தான். கிண்ணத்தின் அகலமே 60 சென்ரிமீற்றர் என்றால், அது எங்ஙனம் உள்ளே உட்காரும்? கைப்பிடிச் சுவருக்கு வெளியே ஓர் இரும்புக் கையில் நீட்டித் தொங்கவிட வேண்டியதாகும். அப்படித் தொங்கும் கிண்ணத்துக்குக் கீழே நடைபாதை இருந்தால் அதன் விளைவைப் பிறகு சொல்வேன்.

ஆகவே, ஒரு மாடிவீட்டை வாடகைக்கு எடுக்கப் போகிறவர் பல்கனியில் நின்று முன்னே உள்ள காட்சியை வியந்தால் மட்டும் போதாது. தலையை உயர்த்தி மேலேயும் பார்க்க வேண்டும். மேற்கு அல்லது தென்மேற்கு நோக்கிய பல்கனி 45 பாகைச் செய்மதிக்கு ஏற்றது. தென்கிழக்கு நோக்கியது, கிண்ணம் விளிம்பை ஒட்டி நின்றால், 93.5 பாகைச் செய்மதிக்கு உதவும். வடக்கு மட்டும் நோக்கிய பல்கனிக்கு யாதொன்றும் பயன் இல்லை. நமக்குச் செய்மதிகள் யாவும் தெற்கு வானத்திலேயே உள்ளன. அவ்வீட்டார்க்கு மொட்டை மாடி ஒன்றே கதி.

இதே கணக்கில் இன்னொரு நன்மையும் இருக்கிறது. தொலைக்காட்சி தெளியவில்லை என்று பனையைத் தறிக்கக் கோடரி எடுப்பவரை நான் கண்டதுண்டு. அவசரப்பட வேண்டாம். கிண்ணத்தைவிட 20 மீற்றர் உயர்ந்த பனை ஒன்று 83 பாகைச் செய்மதியை மறைக்க வேண்டுமானால், அது கிண்ணத்தில் இருந்து நாலேகால் மீற்றருக்குள் நிற்க வேண்டும். 93.5 பாகைக்கு 7 மீற்றர். ஓலை பரந்திருக்கும் அளவை இரண்டு மீற்றர் என்று கூட்டிக்கொண்டாலும், ஒரு சிறு வளவினுள்ளேயே கிண்ணத்தை நாலடி நகர்த்தித் தீர்த்துவிடக்கூடிய வழக்கு இது. 45 பாகைச் செய்மதிக்கு மட்டும் மேற்கே 18 மீற்றர் தூரத்துப் பனையும் தடையாகக்கூடும். அங்கும் கிண்ணத்தை மாடிக்கு ஏற்றினால் மரத்தின் உயரத்திற் பாதி கழிந்துவிடும். கிண்ணத்தை இன்று இங்கும் நாளை அங்கும் வைக்கலாம். பனை ஒரு தலைமுறையில் வளர்வது.

இக்கணக்கெல்லாம் யாருக்கு ஓடும், திசையறி கருவி என்னிடம் இல்லையே என்பீர்கள். கருவி இருந்தாலும், கம்பி வைத்துக் கட்டிய கொங்கிரீற்றுக்கு அருகில் அதன் முள் பொய் சொல்லும். கூலி கேளாத, பொய்யும் சொல்லாத ஓர் அளவையாளர் நமக்கு இருக்கிறார்; அவர் சூரியன். ஆண்டில் இரண்டு முறை, சூரியன் செய்மதி நிற்கும் இடத்துக்கு நேர்பின்னே வந்து போகிறது. குடாநாட்டில் அது பங்குனி பிறந்த ஓரிரு நாளில், அதாவது மார்ச் 16ஐ ஒட்டியும், மீண்டும் புரட்டாசியில், செப்ரெம்பர் 27ஐ ஒட்டியும் நிகழும். அந்நாட்களில் சில நிமிடங்கள் படம் உடைந்து மறைவதைக் கவனித்திருப்பீர்கள். கிண்ணம் பழுதாயிற்று என்று பலர் அன்றைக்கே ஆளை அழைத்துவிடுகின்றனர். பழுது ஒன்றும் இல்லை. சூரியனின் இரைச்சல் செய்மதியின் மெல்லிய குரலை மூடிவிட்டது, அவ்வளவே.

அந்த நாட்களை நமக்குப் பயனாக்கலாம். மார்ச் நடுவில், இணுவிலிற் காலை 11 மணி 15 நிமிட அளவிற் சூரியன் நிற்குமிடமே 93.5 பாகைச் செய்மதியின் இடம். நண்பகல் 12 மணி 5 நிமிட அளவில் 83 பாகையின் இடம். பிற்பகல் 3 மணிக்கு 45 பாகையின் இடம். புரட்டாசியில் இவை முறையே 10.58, 11.47, 2.43 என்று சற்று முந்தும். நீங்கள் கிண்ணம் வைக்க எண்ணிய இடத்தில் ஒரு சுளகைச் சாய்த்துப் பிடித்துப் பாருங்கள். அந்த நேரத்தில் அதன் மேல் முழு வெயில் விழுந்தால் அங்கே வைக்கலாம். மேல்தளத்தின் நிழலோ மாங்கிளையின் நிழலோ விழுந்தால் வைக்கலாகாது. சூரியனைக் கண்ணால் நேரே பார்த்து அளக்க முயலற்க. சுளகின் நிழல் போதும்.

இடம் கிடைத்த பின் குறிபார்த்தல். ஒரு 60 சென்ரிமீற்றர்க் கிண்ணம் பார்க்கும் வானத்தின் அகலம் ஏறக்குறைய 3 பாகை. கிண்ணத்தின் ஒரு விளிம்பு எதிர்விளிம்பைவிட ஒரு சென்ரிமீற்றர் முன்தள்ளினால், பார்வை ஒரு பாகை விலகும். அந்த ஒரு பாகை செய்மதியின் தூரத்தில் 600 கிலோமீற்றருக்கு மேல் ஆகிவிடுகிறது. ஆதலால் திருகாணியை மெல்லவே திருப்ப வேண்டும். திருப்பிய பின் சற்றுப் பொறுக்க வேண்டும். இலக்கமுறைப் பெட்டி படத்தைக் கட்டியெழுப்பச் சில வினாடிகள் எடுக்கும். அவசரக்காரர் செய்மதியைக் கண்டும் காணாதவராய்த் தாண்டிப் போவது இங்கேதான்.

இன்னும் இரண்டு மயக்கங்களைச் சொல்ல வேண்டும். சிறு கிண்ணம் தான் பார்க்குமிடத்தை நோக்கி முகம் காட்டுவதில்லை. அதன் எல்.என்.பி. என்னும் வாங்கி, கிண்ணத்தின் நடுவிற்கு எதிரே இல்லாமல் கீழே ஒதுங்கி நிற்பதனால், கிண்ணம் உண்மையான திசையிலும் இருபது பாகைக்கு மேற் குனிந்தாற்போலத் தோன்றும். 48 பாகையைப் பார்க்கின்ற கிண்ணம் ஏறத்தாழச் சுவர்போல நிமிர்ந்து நிற்பது கண்டு, இது எதிர்வீட்டையல்லவா பார்க்கிறது என்று அதனை மல்லாத்திவிட்டவர்களும் உளர். மற்றையது, வாங்கியின் முறுக்கம். செய்மதி நமக்கு நேர்தெற்கில் இருந்து கிழக்கோ மேற்கோ விலக விலக, அதன் அலை சாய்ந்து வரும். அச்சாய்வுக்கு ஏற்ப வாங்கியையும் திருக வேண்டும். நடுக்கோட்டுக்கு அருகில் இருக்கும் நமக்கு இது சிறிதன்று, 93.5 பாகைச் செய்மதிக்கு ஏறத்தாழ 54 பாகை. ஐரோப்பாவில் இருந்து வரும் அறிவுரையில் இவ்வளவு திருக்கு இராது.

காற்றைப் பற்றிச் சொல்வதாக வாக்களித்தேன். மணிக்கு 100 கிலோமீற்றர் வேகத்தில் வீசுங் காற்று ஒரு 60 சென்ரிமீற்றர்க் கிண்ணத்தைத் தள்ளும் விசை, ஏறத்தாழ 17 கிலோ நிறையைக் கட்டித் தொங்கவிட்டதற்கு ஒப்பாகும். கிண்ணம் பெருக்கப் பெருக்க அது அகலத்தின் வர்க்கத்தோடு பெருகும். பழைய எட்டடிக் கிண்ணங்களைத் தகட்டாற் செய்யாது வலைக்கம்பியாற் செய்தமைக்கு அதுவும் ஒரு காரணம். காற்றும் மழையும் ஊடே போய்விடும். வாடைக் காலத்துப் புயலுக்கு முகங் கொடுக்கிற ஊர் நமது ஊர். மூன்றாம் மாடிக் கைப்பிடியில், சாந்து பெயர்ந்த சுவரில், இரண்டு ஆணியில் தொங்குகின்ற இரும்பு எவர் தலையில் விழும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாது. விரிவாணி கொங்கிரீற்றிற் பிடிக்க வேண்டும், கல்லுச் சுவரின் பூச்சில் அன்று. மொட்டை மாடிக் கிண்ணத்துக்கு இடிதாங்கி மண்ணிணைப்பு வேண்டும். தேரும் மஞ்சமும் உலாவரும் வீதிக்குக் குறுக்கே கம்பி இழுத்தல் ஆகாது; திருவிழா நாளில் அதனைத் தூக்கிப்பிடிக்கக் கோல் தேடும் நிலை எவருக்கும் அழகன்று.

இவ்வளவும் இயற்கை வைக்கும் தடை. தொடர்மாடியில் மனிதர் வைக்கும் தடை வேறு. எனக்குத் தெரிந்த குடும்பம் ஒன்று, கொழும்பிலே தொடர்மாடி ஒன்றில் பணம் கொடுத்து மனை வாங்கியது. கிண்ணத்தைப் பல்கனிக்கு வெளியே பொருத்தினர். மறுவாரம் முகாமைக் கூட்டுத்தாபனத்திடமிருந்து கடிதம் வந்தது: வெளிச்சுவர் உங்களுடையதன்று, கழற்றுக. வீட்டுக்காரர் கொதித்தார். என் வீடு, என் சுவர் என்றார். சட்டம் அவர் பக்கம் இல்லை. தொடர்மாடி மனைகளின் உடைமை பற்றிய 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டமும் அதன் பின்வந்த திருத்தங்களும், மனைக்குள் இருப்பதை உரியவருக்கும், பொது உறுப்புக்களை எல்லாருக்கும் பொதுவாகவும் வைத்துள்ளன. பல இலட்சம் கொடுத்து வாங்கினாலும் சுவரின் உட்புறம் நமது. வெளிப்புறம் நமதும் பிறரதும். வாடகைக் குடியினர்க்கோ வீட்டுச் சொந்தக்காரரின் இசைவும் வேண்டும்.

எனினும், இதனைச் சொந்தக்காரர் சொல்வதே முடிவு என்று விட்டுவிடவும் இயலாது. உலகின் பிற நாடுகளில் இது நீதிமன்றம் ஏறிய விடயம். அமெரிக்காவில் 1996ஆம் ஆண்டு வந்த விதி ஒன்று, ஒரு மீற்றருக்கு மேற்படாத கிண்ணத்தை ஒருவர் தமக்கே உரிய இடத்தில் வைப்பதைத் தடுக்கலாகாது என்றது. பின்னர் வாடகைக் குடியினரின் பல்கனிக்கும் அது விரிந்தது. பொதுக் கூரைக்கு விரியவில்லை. ஜேர்மனியில் 1994 பெப்ரவரியில் அரசியலமைப்பு நீதிமன்றம், பிறநாட்டில் இருந்து வந்து குடியிருப்போர் தம் தாய்நாட்டு நிகழ்ச்சிகளைக் காண விரும்புவதைச் சொந்தக்காரரின் உரிமையோடு வைத்து நிறுக்க வேண்டும் என்றது. சுவீடனின் தலைநகர்ப் புறத்தில், ஈராக்கில் இருந்து சென்ற ஒரு தம்பதியர், அரபு, பாரசீக மொழி நிகழ்ச்சிகளைக் காண வைத்திருந்த கிண்ணத்தைக் கழற்ற மறுத்தமைக்காக மூன்று பிள்ளைகளோடு வீட்டை இழந்தனர். 2008 டிசம்பரில் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றம், செய்தி பெறும் அவர்களது உரிமை மீறப்பட்டது என்று தீர்ப்பளித்தது. நம்மவர் எத்தனையோ ஆயிரம் பேர் அந்நாடுகளின் மாடிமனைகளில் வாழ்கின்றனர். அத்தீர்ப்பு அவர்களுக்கும் சொல்லப்பட்டதே. அந்நிய மொழிக் கடலின் நடுவே வீட்டுக்குள் தாய்மொழி ஒலிப்பது ஒரு குடும்பத்துக்கு எவ்வளவு வேண்டப்படுவது என்பதை நீதிபதிகள் உணர்ந்தனர் என்றே கொள்கிறேன்.

இலங்கைத் தொடர்மாடிகளில் வழக்காடுவதைக் காட்டிலும் நல்ல வழி ஒன்று இருக்கிறது. அதனை நாம் வெளிநாட்டில் இருந்து கற்கவும் வேண்டியதில்லை. நம் பழைய உறுதிகளை எடுத்து வாசித்துப் பாருங்கள். காணியின் எல்லையைச் சொன்ன பின்னர், கிணற்றுப் பங்கும் வழிவாய்க்காற் பங்கும் உட்பட என்று எழுதியிருக்கும். ஒரு கிணறு, நாலு பங்காளர், ஆளுக்கு இன்ன நாள் இறைப்பு என்று முறை. ஒவ்வொருவரும் தத்தம் தோட்டத்தில் ஒரு கிணறு வெட்டியிருந்தால் இணுவிலில் பயிர் செய்ய நிலம் மிஞ்சியிராது. தொடர்மாடியின் மொட்டை மாடியும் பங்குக் கிணறுதான். எட்டுக் குடும்பம் எட்டுக் கிண்ணம் மாட்டி, சுவரெல்லாம் காளான் முளைத்தது போலாக்குவதை விடுத்து, மாடியில் ஒரு செய்மதிக்கு ஒரு கிண்ணமாக, சற்றுப் பெரிதாக, நன்றாகக் கட்டி நிறுத்தலாம். அதற்கெனவே நாலு வாய் உள்ள எல்.என்.பி.யும், அதில் இருந்து பல வீடுகளுக்குப் பகிர்ந்து கொடுக்கின்ற பெட்டியும் கடையில் உண்டு. ஒவ்வொரு மனைக்கும் ஒரு கம்பி இறங்கும். அவரவர் தத்தம் பெட்டியில் விரும்பியதைப் பார்க்கலாம். ஒருவர் மாற்றினால் மற்றவருக்கு மாறாது. கட்டணச் சேவையாயின் ஒவ்வொரு வீட்டாரும் தத்தம் அட்டைக்குத் தாமே பணம் கட்டுவர்.

பெரிய கிண்ணத்துக்கு மற்றுமொரு சிறப்புண்டு. சிறு கிண்ணங்கள் வாங்குகின்ற அலையின் நீளம் இரண்டரைச் சென்ரிமீற்றர். ஐப்பசி கார்த்திகை மழை கொட்டும்போது, அந்த அலையை மழைத்துளிகளே குடித்துவிடுகின்றன. கிண்ணத்தின் அகலம் கூடினால் கைக்கு வருவது கூடும். அடைமழை தவிர்ந்த மற்றைய மழைக்குப் படம் நிற்காது.

கிண்ணம் எதற்கு, எல்லாம் இணையத்தில் வருகிறதே என்று இளைஞர் கேட்கின்றனர். வரும், மாதந்தோறும் அதற்குக் காசும் வரும். கைத்தொலைபேசித் திரையில் எழுத்தைத் தடவித் தேட முதியவர்க்குக் கண்ணும் விரலும் ஒத்துழையா. 2025 ஜூலையில் இலங்கையில் தொடங்கிய ஸ்ரார்லிங் இணையச் சேவையும் வானத்தில் இருந்தே வருகிறது. அதன் செய்மதிகள் தாழப் பறந்து ஓடிக்கொண்டிருப்பவை. அதற்கு ஒரு புள்ளி வானம் போதாது. நாற்புறமும் திறந்த அகன்ற வானம் வேண்டும். பல்கனியில் அதற்கு இன்னும் இடமில்லை. மொட்டை மாடியைப் பங்கிடுவது பற்றிப் பேசி வைத்துக்கொள்ள அதுவும் ஒரு காரணமாகிறது.

பங்குக் கிணற்றிற் சச்சரவு எங்கே எழுந்தது என்பதும் நமக்குத் தெரியும். தண்ணீரில் அன்று, வாளி அறுந்தால் யார் வாங்குவது, தூர் எடுக்க யார் வருவது என்பதிலேதான். ஆகையால் கிண்ணத்தை நிறுத்துமுன் ஒரு தாளில் எழுதிக்கொள்க. மாடிக் கதவின் திறப்பு யாரிடம்? காற்றடித்துத் திசை மாறினால் யார் ஏறுவது, அல்லது யாரைக் கூலிக்கு ஏற்றுவது? வாடகைக் குடியினர் வீடு மாறிப் போகும்போது அவர் போட்ட பங்குப் பணம் வருகிறவரிடம் பெறப்படுமா? கீழ்வீட்டு முதியவர் மாடியேற மாட்டார் என்பதற்காக அவர் பங்கைக் குறைப்பதா, கூட்டுவதா? இவற்றை முகாமைக் கூட்டத்தில் ஒரு மாலையிற் பேசி முடித்துவிடலாம். கம்பியை மாடியில் இருந்து இறக்கும்போது, வீட்டுக்குள் நுழையும் துளைக்குச் சற்றுக் கீழே ஒரு வளையமாகத் தொங்கவிட்டு, பின்னர் மேலேற்றி உள்ளே விடச் சொல்லுங்கள். மழைநீர் கம்பி வழியே வந்து அந்த வளையத்தின் அடியிற் சொட்டிவிடும், பெட்டிக்குள் போகாது.